தொண்ணூற்றாறாம் வருடத்துத் தண்ணீர்

செக்கடி மூன்றாம் தெருவின் பொதுக்குழாயில் எட்டு நாளுக்கு ஒருமுறைதான் தண்ணீர் வரும் என்பதால், அது பேச ஆரம்பித்த அன்று யாரும் பயந்து ஓடவில்லை. ஓடினால் குடம் நிறையாது. காலை ஆறு பத்துக்கு வழக்கம்போல முதலில் காற்று வந்தது, பிறகு துருநிறத்தில் கொஞ்சம் தண்ணீர் வந்தது, அதன் பிறகு தெளிந்த தண்ணீரோடு சேர்ந்து ஒரு பெண்ணின் குரல், "எவடி என் குடத்தை நகத்துனது?" என்று கேட்டுக்கொண்டே முதல் குடத்துக்குள் விழுந்தது. வரிசையில் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்து, நான் இல்லை, நான் இல்லை என்றார்கள். மூன்றாவது குடம் நிறையும்போதுதான் பால்கடை அய்யம்மாள் காதைக் குழாய்ப் பக்கம் கொண்டுபோய், "அட, இது எங்க மாமியால்ல!" என்றாள். மாமியார் செத்துப் பதினோரு வருடமாகியிருந்தது. "அதே அதட்டல். தண்ணிக்குள்ள போயும் திருந்தல பாரு," என்று சொல்லிவிட்டு அய்யம்மாள் அடுத்த குடத்தை வைத்தாள்.

அன்று வந்தது எண்பத்து மூன்றாம் வருடத்துப் பேச்சு, அதாவது அந்தக் குழாயைப் போட்ட வருடத்துப் பேச்சு என்று கணக்குப் போட்டுச் சொன்னவர் ஓய்வுபெற்ற தபால்காரர் தர்மலிங்கம். அடுத்த முறை எண்பத்து நான்கு வந்தது. அதற்கு அடுத்த முறை எண்பத்தைந்து. ஒவ்வொரு தண்ணீர் நாளுக்கும் ஒரு வருடம், அந்த வருடத்தில் குழாயடியில் யார் வாயிலிருந்தாவது வந்த பேச்சிலேயே அதிகமாகச் சுட்ட பேச்சு எதுவோ, அது பேசப்பட்ட ஒரு காலைப்பொழுது, முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரை.

நகராட்சியிலிருந்து இன்ஜினியர் வந்து, குழாயில் காற்று அடைப்பு என்று எழுதிவிட்டுப் பழைய குழாயைக் கழற்றிப் பித்தளைக் குழாய் மாட்டினார். அது இன்னும் தெளிவாகப் பேசியது. "முந்தி கரகரன்னு இருந்துச்சு, இப்ப ரேடியோ கணக்கா இருக்கு," என்றார்கள் பெண்கள். வால்வு திறக்கும் சுடலைமணியை வழிமறித்து, "எங்க தெருவுக்கு என்னத்தைத் திறந்துவிடுற நீ?" என்று கேட்டபோது, "தண்ணியத்தாம்மா திறக்கேன். பேச்சு உங்களுது," என்று சொல்லிவிட்டு அவன் சைக்கிளை மிதித்தான். தர்மலிங்கம் மட்டும் ஒவ்வொரு தண்ணீர் நாளும் மடக்கு நாற்காலியோடு வந்து குழாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். செத்துப்போன அவருடைய மனைவி அவரைக் கையாலாகாத மனுஷன் என்று ஊர் கேட்கத் திட்டிய எண்பத்தேழாம் வருடம் வந்தபோது, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "திட்டுனாலும் அவ குரல்தான," என்றார். திட்டு முடிந்ததும் ஒரு சொம்புத் தண்ணீரைப் பிடித்து எடுத்துக்கொண்டு போனார்.

இப்படியே தெரு அதற்குப் பழகிக்கொண்டது. யாரும் சொல்லாமலே ஒரு வழக்கம் வந்தது: குழாயில் யாருடைய குரல் திட்டுகிறதோ அவள், திட்டு வாங்கியவளுக்குத் தன் முறையை விட்டுக்கொடுக்க வேண்டும். திட்டியவள் செத்துப்போயிருந்தால் மருமகள் விட்டுக்கொடுக்க வேண்டும். இன்னொன்றும் நடந்தது. இன்றைக்குப் பேசுவதும் என்றைக்காவது ஒருநாள் பேரப்பிள்ளைகள் காதில் விழும் என்ற நினைப்பில், குழாயடியில் எல்லோரும் கல்யாண வீட்டுக்கு வந்தவர்களைப் போலப் பேச ஆரம்பித்தார்கள். "உங்க குடத்தைக் கொஞ்சம் தள்ளி வச்சுக்கிடலாமாக்கா?" "தாராளமா வச்சுக்கோங்கம்மா." நிஜமாகச் சண்டை போட வேண்டியிருந்தால் பக்கத்துத் தெருவுக்குப் போய்ப் போட்டுவிட்டு வந்தார்கள்.

இந்த வேடிக்கையில் சிரிக்காத ஒரே ஆள் குருவம்மாள்.

குருவம்மாளுக்கு அறுபத்தாறு வயது. புருஷன் இல்லை, மகன் திருப்பூரில். முழங்கால் இரண்டும் சொன்ன பேச்சு கேட்பதில்லை. அவள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் ஒரே நடுச்சுவர். அந்தப் பக்கத்தில் இருந்தது ஞானசௌந்தரி. இரண்டு பேரும் தனியாள் ஆன பிறகு ஓர் ஏற்பாடு செய்துகொண்டிருந்தார்கள். காலையில் யார் முதலில் கண் விழித்தாலும் சுவரில் இரண்டு தட்டு. மற்றவள் இரண்டு தட்டுத் தட்டினால் உயிரோடு இருக்கிறாள் என்று அர்த்தம். அதற்குப் பிறகுதான் அடுப்பு. காய்ச்சல் என்றால் கஞ்சி சுவரைச் சுற்றி வரும், பென்ஷன் விஷயமாகத் தாலுகா ஆபீஸ் என்றால் இருவரும் ஒரே ஆட்டோவில் போவார்கள். இந்த உலகத்தில் குருவம்மாள் செத்தால் முதலில் தெரிந்துகொள்ளப் போகிறவள் ஞானசௌந்தரிதான்.

தெருவில் எல்லோரும் ஞானசௌந்தரியை டீச்சர் என்றே கூப்பிட்டார்கள். ஆனால் அவள் டீச்சராக இருந்தது மூன்றே வருடம். வீட்டு முன்னறையில் பாய் விரித்து, தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போகிற தாய்மார்களின் பிள்ளைகளை வைத்துக்கொண்டு, பாட்டும் எழுத்தும் சொல்லிக்கொடுத்தாள். பதினெட்டுப் பிள்ளைகள். தொண்ணூற்றாறில் ஒரு மாதத்துக்குள் பதினெட்டும் நின்றுபோயின. ஏன் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. பிறகு அவளும் அதே தீப்பெட்டி ஆபீசுக்குப் போய், இருபத்திரண்டு வருடம் பெட்டிக்கு லேபிள் ஒட்டினாள்.

ஏன் என்று குருவம்மாளுக்குத் தெரியும்.

அந்தப் பிள்ளைகளில் கதிரேசன் என்று நான்கு வயதில் ஒருவன் இருந்தான். கோடிவீட்டுத் தங்கமாரியின் ஒரே மகன். மூளைக்காய்ச்சல் வந்து, பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், மூன்றாம் நாள் இறந்துபோனான். அதற்குச் சில நாள் கழித்து ஒரு காலையில், வரிசையில் வைத்திருந்த தன் குடத்தை டீச்சர் பின்னால் தள்ளிவிட்டாள் என்று குருவம்மாளுக்குக் கோபம். டீச்சர் போன பிறகு நின்றவர்களிடம் சொன்னாள்: டீச்சர் வீட்டுப் பானையில் புழு நெளிந்ததாம், தன் கண்ணால் பார்த்தாளாம், அந்தத் தண்ணீரைக் குடித்துத்தான் பையன் போனானாம். அவள் அந்தப் பானைக்குள் எட்டிப் பார்த்ததே கிடையாது. குடத்தைத் தள்ளியது டீச்சர் இல்லை, ஒரு கன்றுக்குட்டி என்று மறுநாளே தெரிந்தது. ஆனால் பேச்சு அதற்குள் தெருமுனையைத் தாண்டியிருந்தது.

எண்பத்தைந்தாம் வருடம் பேசி முடித்த அன்றே குருவம்மாள் விரல் விட்டு எண்ணிவிட்டாள். இன்னும் பதினொரு தண்ணீர். எண்பத்தெட்டு நாள்.

தொண்ணூற்றாறில் இதைவிடப் பெரிய சண்டை ஏதாவது நடந்திருந்தால் தப்பிக்கலாமே என்று வீடு வீடாகப் போய் விசாரித்தாள். "ஏன் அய்யம்மா, நீயும் பாப்பாத்தியும் குடத்தால அடிச்சுக்கிட்டது தொண்ணூத்தாறுதான?" "அது தொண்ணூத்தேழுக்கா. என் தலையில தையல் போட்டது எனக்கு மறக்குமா?" என்று அய்யம்மாள் சொன்னதும், இவள் முகம் விழுந்ததைப் பார்த்து, "ஏங்க்கா, நான் அடிவாங்குன வருஷம் உனக்கு எதுக்கு?" என்றாள். குழாயையே மூடிவிட்டு வீட்டுக்கு வீடு இணைப்பு கேட்டு மனுக் கொடுக்கலாம் என்று குருவம்மாள் ஒரு நாள் சொல்லிப் பார்த்தாள். தர்மலிங்கம் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். "என் சம்சாரம் இன்னும் தொண்ணூத்தொம்பதுல ஒரு தடவை பேசணும்," என்றார்.

எண்பத்தொன்பது வந்தது, தொண்ணூறு வந்தது. ஒவ்வொரு காலையும் சுவரில் இரண்டு தட்டு விழும்போது, இந்தத் தட்டு இன்னும் எத்தனை நாளைக்கு என்று அவள் விரல் விட்டு எண்ணினாள். தொண்ணூற்று மூன்றில் குழாயிலிருந்து ஓர் இளம்பெண் கலகலவென்று சிரித்துவிட்டு யாரையோ நொண்டி என்றாள். அது யார் என்று கேட்டுக்கொண்டிருந்த குருவம்மாளுக்கு, எல்லோரும் தன்னையே பார்ப்பது தெரிந்த பிறகுதான் அது தன்னுடைய குரல் என்று விளங்கியது. இவ்வளவு இளமையான குரலை வைத்துக்கொண்டா இப்படிப் பேசினோம்? அவள் தன் முறையை விட்டுக்கொடுத்து, நொண்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தாள்.

குழாய் சொல்வதற்கு முன்னால் தானே சொல்லிவிட வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தாள். முடிவு செய்வது சுலபமாக இருந்தது, வாக்கியம்தான் அமையவில்லை. அடுப்படியில் நின்று சொல்லிப் பார்ப்பாள். 'அன்னைக்கு என் குடத்தை யாரோ தள்ளிட்டாக, அந்த ஆத்திரத்துல' என்று தொடங்கினால் குற்றம் குடத்தின் மேல் போய் உட்கார்ந்தது. 'எல்லாரும்தான் அப்படிப் பேசிக்கிட்டாக' என்று தொடங்கினால் தெருவின் மேல் உட்கார்ந்தது. எந்தப் பக்கத்திலிருந்து தொடங்கினாலும் அது தன் மேல் வந்து உட்காராமல் நழுவிக்கொண்டிருந்தது. இப்படித் தொண்ணூற்று நான்கு போனது, தொண்ணூற்றைந்தும் போனது.

தொண்ணூற்றாறுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, மத்தியானம், டீச்சர் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த இடத்துக்குப் போய் எதிரில் உட்கார்ந்தாள்.

"டீச்சரக்கா."

"என்னட்டி, மூஞ்சி ஏன் இப்படிக் கெடக்கு? மாத்திரை போட்டியா?"

"உங்க பானையில புழு கெடந்துச்சுன்னு சொன்னது நாந்தான். நான் பாக்கவே இல்ல. பொய்."

டீச்சர் கையிலிருந்த காம்பை உருவி முடித்தாள். இன்னொரு காம்பை எடுத்தாள்.

"எப்பச் சொன்ன?"

"அந்தப் பய போன பெறகு. குழாயடியில. நாளைக் கழிச்சு அது தண்ணியில வரும்."

"அதனால வந்து சொல்லுதியோ?"

குருவம்மாள் இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். பிறகு, "ஆமா," என்றாள்.

டீச்சர் முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள். கீரை கொஞ்சம் தரையில் சிந்தியது, அதைக் குனிந்து பொறுக்கவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அறைந்து சாத்தவில்லை, மெதுவாகத்தான் சாத்தினாள்.

மறுநாள் காலை குருவம்மாள் சுவரில் இரண்டு தட்டுத் தட்டினாள். பதில் இல்லை. மறுபடி தட்டினாள். டீச்சருக்கு அறுபத்தொன்பது வயது, ரத்த அழுத்தம் வேறு. கோபமா, இல்லை வேறு ஏதாவதா என்று தெரியாமல் சுவரில் காதை வைத்துக்கொண்டு கால் மரத்துப்போகும் வரை நின்றாள். கடைசியில் அந்தப் பக்கம் ஒரு தம்ளர் கீழே விழுந்து உருளும் சத்தம் கேட்டது. உயிரோடு இருக்கிறாள், பதில்தான் இல்லை. குருவம்மாள் அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள்.

தண்ணீர் நாளன்று போகாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் தான் இல்லாத இடத்தில் தன் குரல் மட்டும் பேசுவதை நினைக்க இன்னும் பயமாக இருந்தது. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போய் வரிசையில் நின்றாள். டீச்சர் எட்டுக் குடம் முன்னால் நின்றாள், திரும்பிப் பார்க்கவில்லை.

ஆறு பத்துக்குக் காற்று வந்தது. பிறகு தண்ணீர். பிறகு அந்த இளமையான, மணி மாதிரியான குரல், "டீச்சர் வீட்டுப் பானையில புழு நெளியுது, என் ரெண்டு கண்ணால பாத்தேன். அந்தத் தண்ணியக் குடிச்சுத்தான் புள்ள போயிட்டான்," என்றது. அதைத் தொடர்ந்து, "ஆமாக்கா, எனக்கும் சந்தேகந்தான்," என்று அய்யம்மாளின் குரல் வந்தது. "எம் புள்ளைக்கும் போன மாசம் வயித்தால போச்சே," என்று பாப்பாத்தியின் குரல் வந்தது. இன்னும் மூன்று குரல்கள் ஆமாம் போட்டன. நின்றுகொண்டிருந்த கிழவிகள் ஒவ்வொருவராகத் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அவ்வளவுதான் என்று குருவம்மாள் நினைத்தாள். அவள் ஞாபகத்தில் இருந்தது அவ்வளவுதான். ஆனால் குழாய் நிற்கவில்லை. கொஞ்ச நேரம் வெறும் தண்ணீர் விழுந்தது, பிறகு எல்லோருக்கும் பின்னாலிருந்து, மிகவும் மெலிந்த ஒரு குரல் வந்தது.

"போமாட்டேன் போமாட்டேன்னு அழுதான்க்கா. தெனமும் அழுதான். நாந்தான் அடிச்சு அனுப்புனேன்."

அது தங்கமாரி. பிள்ளை போன பிறகு முதல்முறையாகத் தண்ணீருக்கு வந்தவள், அந்தத் தொண்ணூற்றாறாம் வருடத்துக் காலையில் வரிசையின் கடைசியில் நின்றிருக்கிறாள். இருபத்தெட்டு வருடத்தில் ஒருநாள்கூடக் குருவம்மாளுக்கு அது நினைவில் வரவில்லை. அந்த வருடக் கடைசியில் தங்கமாரியும் புருஷனும் வீட்டைக் காலி செய்துகொண்டு போனதை, பாவம், வேலைக்காகப் போகிறார்கள் என்று இதே வாயால் சொல்லியிருந்தாள்.

தண்ணீர் குடம் வழிந்து ஓடியது. யாரும் குடத்தை மாற்றவில்லை. குருவம்மாள் வரிசையை விட்டு முன்னால் வந்து, "டீச்சரக்கா, என் முறைய எடுத்துக்கோங்க," என்றாள், வேறு என்ன சொல்வதென்று தெரியாமல்.

டீச்சர் அவளைப் பார்த்தாள்.

"உன் குடத்தை வச்சு நான் என்ன செய்ய? இருவத்திரண்டு வருஷம் பசை நாத்தத்துல உக்காந்திருந்தேன். அது என் பாடு, எனக்கு எப்பத் தோணுதோ அப்பப் பாத்துக்கிடுதேன். தோணாமலே போனாலும் போகும்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "தங்கமாரி எங்க இருக்கா?"

சங்கரன்கோவிலில், மேட்டுத் தெருவில், இட்லிக்கடை வைத்திருக்கிறாள் என்று அய்யம்மாள் குனிந்த தலையோடு சொன்னாள்.

"அவகிட்டப் போய்ச் சொல்லு," என்றாள் டீச்சர். "இன்னைக்கே."

"சொல்லுதேன்."

"நீ சொல்ல மாட்ட. பாதியில முழுங்கிருவ. நானும் வாரேன்."

ஒன்பது மணி பஸ்ஸில் போனார்கள். டீச்சர் முன்னால் உட்கார்ந்தாள், குருவம்மாள் இரண்டு வரிசை பின்னால். டிக்கெட்டைத் தனித்தனியாக எடுத்தார்கள். வழியெல்லாம் வெயிலில் கரிசல் வெடித்துக் கிடந்தது. குருவம்மாள் டீச்சரின் பின்தலையைப் பார்த்துக்கொண்டே, குடம் இல்லாமல், ஆத்திரம் இல்லாமல், எல்லோரும் இல்லாமல் ஒரு வாக்கியத்தை உதட்டுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கி ஓடிவிடலாம் போல இருந்தது. முழங்கால் விடவில்லை.

தங்கமாரிக்கு ஐம்பத்து நான்கு வயது. தலை முழுக்க நரைத்திருந்தது. காலைக் கடை முடிந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள், வாசலில் நின்ற இருவரில் டீச்சரைத்தான் முதலில் அடையாளம் கண்டாள். அடையாளம் கண்டதும் அவள் முகம் இறுகியது. கையைத் துடைக்கவில்லை, உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை.

குருவம்மாள் படியில் நின்றபடியே சொன்னாள்.

"தங்கமாரி, நான் குருவம்மா. டீச்சர் வீட்டுத் தண்ணியில புழு இருந்துச்சுன்னு நான் சொன்னது பொய். உன் மகன் தண்ணியால சாகல."

ஏன் சொன்னாள் என்று தங்கமாரி கேட்பாள் என்று நினைத்து, அதற்கும் ஒரு பதிலை வைத்திருந்தாள். தங்கமாரி அதைக் கேட்கவில்லை.

"அப்ப எதனால?"

"காய்ச்சல்ல, தங்கமாரி. பெரியாஸ்பத்திரியில சொன்னாகள்ல, அதே காய்ச்சல்தான். வேற ஒண்ணுமே இல்ல."

தங்கமாரி கழுவிய இட்லித் தட்டு ஒன்றை எடுத்து இன்னொன்றின் மேல் அடுக்கினாள். இன்னொன்றை அடுக்கினாள். நான்காவது தட்டில் கை நின்றது.

"அப்ப நான் அனுப்புனது தப்பில்லையா?"

"இல்ல," என்றாள் குருவம்மாள். அதற்கு மேல் பேசினால் தன்னைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும் என்று வாயை மூடிக்கொண்டாள்.

தங்கமாரி கையைத் துடைத்துக்கொண்டு இரண்டு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். ஒன்றை டீச்சருக்குப் பக்கத்தில் போட்டாள். இன்னொன்றில் தானே, டீச்சரின் முழங்காலை முழங்கால் தொடுகிற மாதிரி, எதிரில் உட்கார்ந்தாள்.

"டீச்சர், பகல்ல அவன் உங்க வீட்ல என்ன செய்வான்? நான் கேட்டதே இல்லையே. கேக்க மனசு வரலையே."

"அவனா? தூங்கவே மாட்டான். எல்லாம் தூங்குறப்ப இவன் மட்டும் வாசல்ல உக்காந்து பதினெட்டுப் பேரு செருப்பையும் சோடி சேப்பான். ஒத்தச் செருப்பு மாறியிருந்தா என்னைய வந்து எழுப்புவான். 'டீச்சர், இது இதோட அண்ணன் இல்ல' ம்பான்."

தங்கமாரி புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

"ஆனா காலையில அப்படி அழுவானே டீச்சர். என் கால்ல பின்னிக்கிட்டு அழுவானே."

"வாசல் வரைக்குந்தான் அந்த அழுகையெல்லாம். நீ தெருமுக்கு திரும்புனதும் பட்டுன்னு நின்னுரும். மூக்கத் தொடச்சுக்கிட்டு உள்ள வந்துருவான்."

"நெசமாவா?"

"உங்கிட்டப் பொய் சொல்லவா இவ்வளவு தூரம் வந்திருக்கேன்? சாயங்காலம் நீ வரும்போது மறுபடி அழுதானே, அது எதுக்குன்னு நெனச்ச?"

"நான் விட்டுட்டுப் போன கோவத்துலன்னு நெனச்சேன்."

"போ ஏட்டி. வீட்டுக்கு வர மாட்டேன்னு அழுதான்."

தங்கமாரி சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு நடுவில் உடைந்து வேறொன்றாக மாறியது, பிறகு மறுபடியும் சிரிப்பாக மாறியது. "இன்னும் சொல்லுங்க," என்றாள். டீச்சர் சொன்னாள், அவன் 'ழ' சொல்ல வராமல் முகத்தைக் கோணியது, பாட்டில் எல்லோரையும் விட ஒரு வரி முன்னால் ஓடியது, பக்கத்துப் பிள்ளையின் முறுக்கை வாங்கிப் பாதியை அந்தப் பிள்ளைக்கே தானமாகக் கொடுத்தது.

குருவம்மாளுக்கு ஸ்டூல் இல்லை. அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, வலிக்கிற காலை மாற்றி மாற்றி ஊன்றி, நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். போ என்று யாரும் சொல்லவில்லை. பன்னிரண்டு மணி பஸ் போனது, இரண்டு மணி பஸ்ஸும் போனது. டீச்சர் ஒருமுறை ஒரு பாட்டின் வரி மறந்துபோய், தேடித் தடுமாறி, திரும்பாமலேயே, "அது என்ன ஏட்டி, அந்த அணில் பாட்டு?" என்று கேட்டாள்.

நடுச்சுவருக்கு இந்தப் பக்கமிருந்து மூன்று வருடம் கேட்ட பாட்டு அது. குருவம்மாள் தன் உடைந்துபோன கிழட்டுக் குரலில், மெதுவாக, அந்த வரியை எடுத்துக் கொடுத்தாள்.